வானத்துக் காட்சியும் தரையின் நீதியும்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினாக் கடற்கரையில் ஒரு விமானக் காட்சி நடைபெற்றது. இந்திய விமானப்படையின் 92ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு எடுக்கப்பட்ட விழா அது. காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை 72 விமானங்கள் கடலின் மேற் பறந்தன. ரஃபேல், சுக்கோய், மிராஜ், ஜாகுவார், தேஜஸ் ஆகிய போர் விமானங்கள் வந்தன. ‘சூரிய கிரண்’ குழுவும் ‘சாரங்’ ஹெலிகொப்டர்களும் வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டக்கோட்டாவும் வந்தது. பார்க்கக் கூடியோர் 15 இலட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிட்டனர். கூட்டத்தின் பெருக்கம் சாதனைப் புத்தகத்தில் இடம்பெறும் என்ற பேச்சும் முன்கூட்டியே எழுந்திருந்தது. அன்றைய பொழுது கழியுமுன் வந்தவர்களுள் ஐவர் இறந்தனர். 200க்கு மேற்பட்டோர் மயக்கமுற்றும் உடல் தளர்ந்தும் மருத்துவ உதவியை நாட நேர்ந்தது.

விமானம் எதுவும் வீழவில்லை; குண்டு எதுவும் வெடிக்கவில்லை. வானத்தில் எல்லாம் குறித்த கணத்தில், குறித்த இடைவெளியில், பிசகின்றி நடந்தேறின. பிசகு தரையில் நிகழ்ந்தது. உச்சி வெயிலில் நிழலின்றி நின்றவர்களுக்குக் குடிநீர் போதவில்லை. காட்சி முடிந்ததும் ஒரே வேளையில் வீடு திரும்ப முயன்ற மக்களை வீதியும் புகையிரதமும் தாங்கவில்லை. மரணங்களுக்கு வெயிலே காரணம் எனப் பொறுப்பானவர்கள் கூறினர். வெயில் சென்னைக்குப் புதிதன்று.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நாம் சென்னைக் காட்சியைப் பற்றி ஏன் சிந்திக்க வேண்டும்? நமக்கும் கல்லடியில் நீண்ட கடற்கரை உண்டு. வாவியை ஒட்டியுள்ள ஓடுபாதை ஒன்றே நமக்குப் பயணிகள் விமான நிலையமாகவும் விமானப்படைத் தளமாகவும் இருக்கின்றது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை விமானப்படை யாழ்ப்பாணம் முற்றவெளியில் கண்காட்சி ஒன்றை நடத்தியது. போரில் அடிபட்ட நகரத்தின் நடுவே, போர் ஓய்ந்த பின்னர் பிறந்த பிள்ளைகள் விமானங்களை அண்ணாந்து பார்த்தனர். அத்தகைய காட்சி நாளை கல்லடிக்கும் வரலாம். அப்போது நம் மாணவரை அழைத்துச் செல்வதா, தடுப்பதா? இதன் அடியில் இன்னும் பெரிய கேள்வி ஒன்று கிடக்கின்றது. கொல்வதற்கென ஆக்கப்பட்ட பொறியை அழகென்று கண்டு மகிழ்தல் அறமாகுமா?

இதற்கு இரண்டு எளிய விடைகள் உடனே கிடைக்கும். “வேடிக்கை வேடிக்கைதானே, அதில் என்ன அரசியல்?” என்பது ஒன்று. “நம்மீது குண்டு போட்ட பொறியை நாம் பார்ப்பதே பாவம்” என்பது மற்றொன்று. முன்னது நினைவை இழந்த விடை. பின்னது நினைவை மட்டுமே வைத்துக்கொண்டு சிந்தனையைக் கைவிட்ட விடை. இரண்டும் கேள்வியை எதிர்கொள்ளாமல் விலகிச் செல்கின்றன.

பறத்தலின் அழகு பொய்யன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி ரைட் சகோதரர்களின் பொறி முதன்முதல் 12 செக்கன்கள் வானில் நின்று 120 அடி தூரம் சென்றது. அந்தப் 12 செக்கன்களுக்குப் பின்னால் எத்தனையோ தலைமுறைகளின் கணக்கும் கைவினையும் இருந்தன. காற்றின் அழுத்தத்தை அறிந்தவனும், உலோகத்தை உருக்கியவனும், மரத்தை இழைத்தவனும் சேர்ந்து சமைத்த வெற்றி அது. ஒன்பது விமானங்கள் ஒன்றன் சிறகை மற்றொன்று தொடுவதுபோற் பறக்கும்போது ஒரு சிறுவனின் கண் விரிகின்றதென்றால், அந்த வியப்பில் மனித உழைப்பின் மீதான மதிப்பும் கலந்திருக்கின்றது. அதனைக் குற்றமெனக் கூற நமக்கு உரிமையில்லை.

ஆயின் அவ்வுழைப்பின் பயன் எவர் கைக்குச் சென்றது என்பதை வரலாறு மறைக்கவில்லை. 1911ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு பெப்ரவரி 18ஆம் திகதி, இந்தியாவின் அலகாபாத்தில் நடைபெற்ற ஒரு பொருட்காட்சியின்போது, ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களைச் சுமந்து யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகின் முதலாவது அதிகாரபூர்வ விமானத் தபால் என்று அதனைக் கூறுவர். அதே ஆண்டு நவெம்பர் 1ஆம் திகதி, லிபியாவைக் கைப்பற்றப் புறப்பட்ட இத்தாலியப் படையைச் சேர்ந்த கவோட்டி என்ற விமானி, தன் விமானத்திலிருந்து கையாலேயே சிறு குண்டுகளைக் கீழே எறிந்தார். போரில் விமானத்திலிருந்து விழுந்த முதற் குண்டுகள் அவையே. கடிதம் விழுந்த ஆண்டிலேயே குண்டும் விழுந்தது. இடையில் ஒன்பது மாதங்கூட இல்லை. விழுந்த இடமும் கருதத்தக்கது. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில் அது விழவில்லை. ஏகாதிபத்தியம் அடிமை கொள்ளச் சென்ற ஓர் ஆபிரிக்க மண்ணில் விழுந்தது.

வேடிக்கையும் இதனோடு கைகோத்தே வளர்ந்தது. 1920ஆம் ஆண்டு முதல் 1937ஆம் ஆண்டு வரை, லண்டனுக்கு அருகே ஹென்டனில் பிரித்தானிய விமானப்படை ஆண்டுதோறும் காட்சி நடத்தியது. காலனி நாட்டுக் கோட்டையைப் போலவும் கிராமத்தைப் போலவும் பொய்யாக ஒன்றைக் கட்டி, விமானங்கள் அதனைக் குண்டு வீசித் தகர்ப்பதைக் காட்டும் நிகழ்ச்சிகள் அவற்றில் இடம்பெற்றன. அதே காலத்தில் ஈராக்கின் மெய்யான கிராமங்கள் மீது அதே படை மெய்யான குண்டுகளை வீசிக்கொண்டிருந்தது. லண்டன் மக்கள் கைதட்டியது அட்டைக் கோட்டைக்கு. அதன் பின்னாலிருந்த கிராமம் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் இலக்கியத்திலும் ஒரு பறக்கும் பொறி உண்டு. சீவக சிந்தாமணியில், அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சியை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருந்த தன் மனைவி விசயையைக் காக்க மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். அவன் போரில் மடிகின்றான். அவளோ அப்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகின்றாள். அங்கே சீவகன் பிறக்கின்றான். திருத்தக்கதேவரின் கற்பனையில் எழுந்த இப்பொறி ஒரு நகரையும் அழிக்கவில்லை. ஒரு தாயையும் பிறவாத ஒரு குழந்தையையும் காப்பாற்றிற்று. பொறியின் பெருமையை அது சுமந்த உயிரைக் கொண்டு அளந்த மனம் அது. இதனைப் பழம்பெருமை பேசுவதற்காக நாம் எடுத்துக்காட்டவில்லை. பொறியை அளக்க வேறொரு கோலும் உண்டு என்பதற்காகவே காட்டுகின்றோம்.

அந்தக் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் கடலைப் பார்ப்போம். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அவற்றின் குண்டுகளுக்கு இரையாயிற்று. விமானங்களைத் தாங்குவதற்கென்றே தொடக்கத்திலிருந்து வரையப்பட்ட முதற் கப்பல் எனப் பெயர் பெற்றது அது. அன்று அதன் மேல் ஒரு போர் விமானமும் இருக்கவில்லை. யாவும் கரையில் விடப்பட்டிருந்தன. 300க்கு மேற்பட்ட மாலுமிகள் மடிந்தனர். அந்தக் கப்பல் இன்றும் நம் கடலடியில் கிடக்கின்றது; வெளிநாட்டுச் சுழியோடிகள் அதனைக் காண்பதற்கென்றே வருகின்றனர். இரு பேரரசுகள் தமக்குள் மோதிக்கொண்டன; மோதுவதற்கு நம் கடலும் வானமும் களமாயின. அக்களத்தை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாமல்லர்.

அதே கடல் வேறொரு விமானந்தாங்கிக் கப்பலையும் அறியும். 1957ஆம் ஆண்டு டிசெம்பரில் பெருவெள்ளம் நாட்டை மூழ்கடித்தபோது, அமெரிக்காவின் ‘பிரின்ஸ்டன்’ கப்பல் ஹெலிகொப்டர்களோடு இலங்கைக்கு வந்து நிவாரணப் பணியில் ஈடுபட்டது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்ற பின்னரும், இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் படை ஹெலிகொப்டர்கள் இந்நாட்டுக்கு உதவியுடன் வந்தன. வீதி அறுந்த இடத்தில் மருந்தையும் மாவையும் இறக்குவதற்கு அவற்றைப்போல் வேறொன்றில்லை. பொறி ஒன்றே, அதனை ஓட்டுகின்ற கையும் பெரும்பாலும் படையினரின் கையே. ஏவியவன் யார், எதற்காக ஏவினான், கீழே எதனை இறக்கினான் என்பவையே ஒரு பறத்தலை மற்றொன்றிலிருந்து வேறாக்குகின்றன.

இனி நம் காலத்துக்கு வருவோம். போர் நடந்த ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழர் விமானத்தைக் கண்ணால் அறிந்ததிலும் காதால் அறிந்ததே அதிகம். ‘பொம்மர்’ என்றும் ‘ஹெலி’ என்றும் ‘கிபிர்’ என்றும் குழந்தைகள் ஒலியைக் கேட்டே பெயர் சொன்னார்கள். குண்டு வீசிய பெரிய விமானத்துக்குச் ‘சகடை’ என்றும், வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்றும் மக்களே பெயரிட்டார்கள். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தின் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மீன் பாடுவதைக் கேட்டவர்களின் நாடு இது. அத்தகைய காதுகள் பதுங்குகுழியை நோக்கி எப்போது ஓடவேண்டும் என்பதைக் கணக்கிடப் பழகின. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்த மக்களைக் கேட்டால், வானத்தைப் பற்றிய மற்றொரு பாடம் கிடைக்கும்.

வடக்கிலே 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனத்தில் ‘செஞ்சோலை’ வளாகம் தாக்கப்பட்டபோது இறந்த ஐம்பதுக்கு மேற்பட்டோரிற் பெரும்பாலோர் பாடசாலை மாணவியர். ஆயுதப் பயிற்சி முகாமையே தாக்கினோம் என்றது அரசு. மேலிருந்து பார்க்கும்போது பாடசாலைப் பிள்ளையும் படைவீரனும் ஒரே அளவான புள்ளிதான். தரையில் நின்றால் மட்டுமே பிள்ளையின் முகம் தெரியும்.

இதனைத் தமிழர்க்கு மட்டும் உரிய துயரமெனக் கருதுதலும் தவறு. 1971ஆம் ஆண்டு ஏப்ரிலில் கிளர்ச்சி செய்த தென்னிலங்கைச் சிங்கள இளைஞருக்கு எதிராகவும் இந்த நாட்டின் விமானங்கள் ஏவப்பட்டன. வேலையும் நிலமும் நீதியும் கேட்டு எழுந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். கிளர்ச்சியின் வழி சரியா, பிழையா என்பது வேறு வழக்கு. அரசு தன் சொந்தக் குடிகளை வானத்திலிருந்து பார்க்கத் தொடங்கியது நம் காலத்துப் போருக்கு முன்னரேயே என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். 2007ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கி, மூன்று படையினர் உயிரிழந்தபோது, தமிழருள் மகிழ்ந்தோர் பலர். “நம்மிடமும் விமானம் உண்டு” என்ற அந்தப் பூரிப்பு, நீண்டகாலம் தலைகுனிந்து ஓடியவர்களின் பூரிப்பு. அதன் காரணத்தை நாம் அறிவோம். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி அவ்விமானங்களுள் ஒன்று கொழும்பின் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதி வீழ்ந்தது. அங்கும் கீழே மனிதர் இருந்தனர். விமானம் நம்முடையதானால் கீழே இருப்பவர் மறைந்துவிடுகின்றார். பிறருடையதானால் கீழே இருப்பவரே நாமாகிவிடுகின்றோம். இந்தக் கண்மறைப்பு ஓர் இனத்தின் குணமன்று. வானத்தின் பக்கம் நிற்க விரும்பும் எந்த மனத்துக்கும் இது நேரும்.

இப்போது விமானக் காட்சிக்கு மீள்வோம். மட்டக்களப்பின் கூத்துக் களரியும் போரைக் காட்டும் களம்தான். வடமோடிக் கூத்துகளிற் பெரும்பாலானவை போர்க் கதைகள். வில்லும் வாளும் சுழல, சல்லாரியும் மத்தளமும் முழங்க, வீரர் வட்டமிட்டு ஆடும் அழகை விடியும்வரை கண் கொட்டாமற் பார்ப்பவர்கள் நம் மக்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றி, அவ்வழகைக் கற்றோர் அரங்கிற்கும் கொண்டுசென்றார். ஆயினும் கூத்தில் வீரனின் ஆட்டத்தோடு கதை முடிவதில்லை. வீழ்ந்தவனின் தாயும் மனைவியும் களரிக்கு வந்து புலம்புவர். ஆட்டத்தை இரசித்தவனே அந்தப் புலம்பலுக்குக் கண்ணீரும் விடுவான். போரின் அழகைக் காட்டிய கலை அதன் விலையையும் அதே களரியில் காட்டிவிடுகின்றது.

விமானக் காட்சி புலம்பலை நீக்கிய கூத்து. போர் விமானம் தாழ்ந்து வந்து உறுமி மேலெழுகின்றது. இலக்கின் மீது பாயும் பயிற்சி அது. அந்த இலக்கு மட்டும் காட்சியில் இல்லை. அதன் குறை இதுவே. அழகைக் காட்டுவதில் பிழையில்லை. அழகை அதன் விளைவிலிருந்து அறுத்தெடுத்துக் காட்டுவதே பிழை. மேலும், இலக்கு இருக்க வேண்டிய இடத்தில், கீழே, மணலில் நிற்பவர்கள் யார்? கை தட்டுகின்ற மக்கள்தாம். தாம் நிற்பது எந்த இடம் என்பதை அவர்கள் உணராதபடி காட்சி அவர்கள் கண்ணை மேலேயே நிறுத்திவைக்கின்றது.

மெரினாவில் இறந்த ஐவரையும் நாம் இந்த வெளிச்சத்திலேயே காண்கின்றோம். அவர்களைக் கொல்ல எவரும் எண்ணவில்லை. ஆனால் 72 விமானங்களின் ஒவ்வோர் அசைவையும் செக்கன் கணக்கில் வகுத்த ஒரு சமுதாயம், இலட்சக்கணக்கானோரின் தாகத்தை அதே நுட்பத்தோடு வகுக்கவில்லை. மக்கள் அங்கே ஓர் எண்ணிக்கையாக இருந்தனர், சாதனைக்குரிய எண்ணிக்கை. எண்ணிக்கைக்குத் தாகம் எடுக்காது. வானத்திலிருந்து மனிதனைப் புள்ளியாகக் காணும் பார்வைக்கும், மேடையிலிருந்து அவனை எண்ணாகக் காணும் பார்வைக்கும் உறவு உண்டு. அளவில் அவை ஒன்றல்ல. முன்னது கொலை, பின்னது அசட்டை. எனினும் இரண்டும் தரையை மறந்ததிலிருந்தே பிறக்கின்றன.

சிலர் மறுத்துரைக்கலாம். “நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?” என்பர். வேண்டும்; ஆயின் எதிலிருந்து, யாருக்கு என்று கேட்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனமொன்றோடு 5 கோடி டொலர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இதே நாடு அறிவித்தது. மருந்தின்றி மருத்துவமனைகளும் எரிபொருளின்றி மீனவரின் வள்ளங்களும் நின்ற ஆண்டு அது. அந்த மக்களை அன்று சூழ்ந்த பகைவன் எந்த வானத்திலும் தென்படவில்லை.

“பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆர்வம் பிறக்குமே” என்பர். பிறக்கட்டும். ஆனால் விஞ்ஞானம் என்பது காரணத்தையும் விளைவையும் சேர்த்துக் காண்பது. விளைவை மறைத்துக் காரணத்தை மட்டும் காட்டுவது அரைப்பாடம். “ஏழைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் இன்பத்தையும் பறிப்பதா?” என்பர். இம்மூன்றில் இதுவே நெஞ்சைத் தொடும் கேள்வி. மெரினாவுக்குக் குடும்பத்தோடு புகையிரதத்தில் தொங்கி வந்தவர்களுக்கு, கட்டணமின்றி ஒரு வியப்பைக் காணும் நாள் ஆண்டில் எத்தனை முறை வரும்? அவர்கள் பார்க்க வந்ததில் குற்றமில்லை. பார்க்க வந்தவரின் உயிரை மதிக்காததே குற்றம்.

விமானத்தை ஓட்டுபவனும் மனிதனே. 2011ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி, இலங்கை விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர் விமானங்கள் வானில் மோதிக்கொண்டன. ஒரு விமானி இறந்தார். 2025ஆம் ஆண்டு நவெம்பர் 21ஆம் திகதி டுபாய்க் காட்சியில் இந்தியத் தேஜஸ் விமானம் வீழ்ந்து அதன் விமானி மடிந்தார். போர் இல்லாத நாளில், பிறர் கைதட்டுவதற்காக இறந்த இவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். கிபிரால் மகனை இழந்த தாயும், கிபிரிலே மகனை இழந்த தாயும் ஒரே நாட்டவர். இவ்விருவரையும் ஒரே களரியில் வைத்துப் பார்க்கும் நெஞ்சு நமக்கு வேண்டும்.

ஆதலின் கல்லடிக்கு அத்தகைய காட்சி வருமாயின், பிள்ளைகளின் கண்களை மூடுதல் நம் வேலையன்று. அவர்கள் பார்க்கட்டும், வியக்கட்டும். அதன் பின்னர் வகுப்பறையில் மூன்று கேள்விகளை அவர்கள் கேட்கப் பழக வேண்டும். இந்தப் பொறி எதனைச் சுமக்க ஆக்கப்பட்டது? அது விழும் இடத்தில் இருப்பவர் யார்? இதற்கான விலையை எவர் கொடுக்கின்றனர்? இவற்றைக் கேட்கும் பிள்ளை பிற்காலத்தில் விமானியாகலாம், பொறியியலாளனாகலாம், வாவியில் வலை வீசும் மீனவனாகலாம். எந்த நிலையிலும் பிறனொருவனைப் புள்ளியாகவோ எண்ணாகவோ காண அவன் எளிதில் உடன்படமாட்டான்.

காட்சி நடத்துவோரிடம் நாம் வேண்டுவதும் மிகையன்று. மருந்தையும் தபாலையும் சுமக்கும் விமானத்தையும், வெள்ளத்தில் மனிதனைத் தூக்கும் ஹெலிகொப்டரையும் முன்வரிசையில் வையுங்கள். மணலில் நிற்பவனுக்கு நிழலும் நீரும் வழியும் முதலில் அமையட்டும். குண்டு விழுந்த ஊர்களின் பெயர்களையும், இறந்தோரின் நினைவையும், அவர் எந்த இனத்தவராயினும், ஒரு பலகையிலேனும் எழுதி வையுங்கள். அதனைத் தாங்கிக்கொள்ளாத காட்சி, கைதட்டலுக்கு உரியதன்று.